கங்காணி முதல் குடியுரிமை வரை: புலம்பெயர்ந்த தமிழ்க் குடும்பமும் இளையோர் வாழ்வும்

மகன் எத்துறையில் பயில வேண்டும், மகள் யாரை மணக்க வேண்டும் என்பவற்றைப் பெற்றோரும் உற்றாரும் கூடிப் பேசி முடிவு செய்வது தமிழரின் தொன்மையான மரபு என்று நாம் இயல்பாகச் சொல்கிறோம். மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாட்டுத் தமிழரைப் பொறுத்தவரை இக்கூற்றில் பாதியே உண்மை. நம் முன்னோருள் மிகப் பலர் பெற்றோரைக் கடலுக்கு அப்பால் விட்டுவிட்டு, இளமைப் பருவத்தில் இங்கு வந்து இறங்கியவர்கள். அவர்கள் வாழ்வில் குடும்பம் எவ்வாறு மீண்டும் இடம்பெற்றது, அதற்குக் காரணமாக அமைந்த தொழிலும் சட்டமும் யாவை என்பனவே இக்கட்டுரையில் நாம் ஆராயவிருப்பவை.

பெற்றோர் உடன் வராத தலைமுறை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாயாவின் கரும்புத் தோட்டங்களுக்கும் காப்பித் தோட்டங்களுக்கும் ஒப்பந்தக் கூலிகளாக அழைத்து வரப்பட்டோர் பெரும்பாலும் இளம் ஆடவர். தோட்ட முதலாளிக்கு வேண்டியது உழைக்கும் உடல். குடும்பம் அவருக்குச் செலவாகவே தோன்றியது. ஒப்பந்த முறை 1910-ஆம் ஆண்டில் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்னரே கங்காணி முறை ஓங்கி வளர்ந்திருந்தது. 1907-இல் ஏற்படுத்தப்பட்ட தமிழர் குடியேற்ற நிதிக்கு முதலாளிகள் பணம் செலுத்தினர். அந்நிதியிலிருந்து தொழிலாளரின் கப்பற்செலவு ஏற்கப்பட்டது. ரப்பர்த் தோட்டங்கள் பெருகப் பெருக, கங்காணிகள் தம் சொந்த ஊருக்குச் சென்று, உறவினரையும் அக்கம்பக்கத்தாரையும் திரட்டி வந்தனர்.

கங்காணி முறையின் உட்பொருளை நாம் ஊன்றி நோக்குதல் வேண்டும். ஊரில் தந்தையோ தாய்மாமனோ வகித்த இடத்தைத் தோட்டத்தில் கங்காணி ஏற்றார். இளைஞனுக்குக் கடன் கொடுத்தவர் அவர். லயத்தில் அறை பெற்றுத் தந்தவர் அவர். வழக்குத் தீர்த்தவரும், பல வேளைகளில் திருமணத்திற்கு முன்னின்றவரும் அவரே. அதே வேளையில், தம் ஆள்கள் வேலைக்கு இறங்கிய ஒவ்வொரு நாளுக்கும் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. எனவே, அவர் காட்டிய உறவு பரிவாகவும் இருந்தது, பிடியாகவும் இருந்தது. இளையோர் வாழ்வில் மூத்தோர் கொள்ளும் அக்கறையில் இவ்விரண்டும் கலந்திருக்கக்கூடும் என்பதற்கு நம் வரலாற்றில் கங்காணியைப் போல் தெளிவான சான்று வேறில்லை.

கடிதமும் காசும்

எல்லாத் தமிழரும் ஒரே வகையில் புலம்பெயரவில்லை. சிங்கப்பூர் மார்க்கெட் ஸ்திரீட்டின் கிட்டங்கிகளில் தொழில் நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், பையன்களைப் பெட்டியடிப் பையனாகச் சேர்த்துப் பழக்கி, படிப்படியாக உயர்த்தினர். பொறுப்பேற்ற ஏஜெண்டு மூன்றாண்டுத் தவணைக்கு வருவார். மனைவியும் மக்களும் பெரும்பாலும் ஊரிலேயே இருப்பர். தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவார். தொழிலும் திருமணமும் ஊரிலிருந்தே நெறிப்படுத்தப்பட்டன.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த இளைஞர்களின் நிலை வேறு. ஆங்கிலக் கல்வி பெற்றிருந்த அவர்கள் இரயில்வேயிலும் அரசாங்க அலுவலகங்களிலும் எழுத்தர்களாக அமர்ந்தனர். முன்னே வந்தவர் பின்னே வந்த உறவினருக்கு இடமளித்து வேலை தேடித் தந்தார். மாதந்தோறும் ஊருக்குச் சென்ற பணம் வீடு கட்டவும் தங்கையரின் சீதனத்துக்கும் பயன்பட்டது. பணி ஓய்வு பெற்று ஊர் மீண்டோரை யாழ்ப்பாணத்தார் ‘மலாயா பென்சனியர்’ என்றே அழைத்தனர். தோட்டத் தொழிலாளரும் தம் சிறு ஊதியத்திலிருந்து மிச்சம் பிடித்து மணியார்டர் அனுப்பினர்.

இது தமிழர்க்கு மட்டும் உரிய அனுபவம் அன்று. தென்சீனத்திலிருந்து வந்த இளைஞர்களும் ஊருக்குப் பணத்தைக் கடிதத்துடன் சேர்த்தே அனுப்பினர். அத்தகைய பணக்கடிதங்கள் 2013-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. எழுதத் தெரியாதவர்க்குக் கடிதம் எழுதிக் கொடுப்போர் சிங்கப்பூரின் ஐந்தடி நடைபாதைகளில் அமர்ந்திருந்தனர். மகனின் நலம் கேட்டலும் மகனிடம் பணம் கேட்டலும் ஒரே தாளில் கடல் கடந்தன.

குடும்பம் வேரூன்றிய காலம்

1921-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி மலாயாவில் ஆயிரம் இந்திய ஆடவருக்கு ஏறத்தாழ நானூறு பெண்களே இருந்தனர். 1947-இல் அத்தொகை அறுநூறைக் கடந்தது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி அமைக்க வேண்டும் என்று விதித்தது. பிள்ளைகள் பிறந்து வளரும் இடமாகத் தோட்டம் மாறிவிட்டது என்பதற்கு அவ்விதியே சான்று. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்ற தொழிலாளர் குடிப்பெயர்ச்சியைத் தடை செய்தது. அதன்பின் புதிய கங்காணி வரவில்லை; லயத்தில் பிறந்த பிள்ளைகளே அடுத்த தலைமுறைத் தொழிலாளர் ஆயினர். பெற்றோரும் வளர்ந்த பிள்ளைகளும் ஒரே தோட்டத்தில் உழைத்து, ஒரே அறையில் உறங்கும் வாழ்வு பரவலாயிற்று. இன்று நாம் மரபு என்று கருதும் நெருக்கத்தில் ஒரு பகுதி இவ்வாறு உருவானதே.

சப்பானியர் ஆட்சி இந்நெருக்கத்தைச் சிதைத்தது. சயாம் மரண இரயில் பாதைக்குப் பல்லாயிரம் தமிழர் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்டனர். அவர்களுள் மிகப் பலர் திரும்பவில்லை. விதவையரும் தந்தையை இழந்த பிள்ளைகளும் தோட்டந்தோறும் எஞ்சினர்.

அதே காலத்தில் மற்றொரு காட்சியையும் காண்கிறோம். 1943-இல் நேதாஜி சுபாஷ் சந்திரபோஸ் ஜான்சிராணிப் படையைத் தொடங்கியபோது, மலாயாவின் இளம்பெண்கள் பலர் அதில் சேர்ந்தனர். கோலாலம்பூரைச் சேர்ந்த ஜானகி சேர விரும்பியதைத் தந்தை முதலில் எதிர்த்தார். பலவாறு எடுத்துரைத்த பின்னரே இசைந்தார். பின்னாளில் ஜானகி ஆதி நாகப்பன் என்று அறியப்பட்ட அவர், மலேசிய நாடாளுமன்ற மேலவையிலும் பணியாற்றினார். தந்தையின் இசைவு அவருக்குத் தேவைப்பட்டது. ஆயினும், அவ்விசைவை வாதாடிப் பெறும் உரிமை தமக்கு உண்டென அவர் கருதினார். குடும்பத்தைத் துறக்காமலும் அதற்கு வாளா அடங்காமலும் தம் வழியைத் தேடிய இளையோர் நம் வரலாற்றில் உண்டு என்பதை மாணவர்கள் நினைவிற்கொள்ள வேண்டும். சிங்கப்பூரில் ‘தமிழ் முரசு’ இதழைத் தோற்றுவித்த கோ. சாரங்கபாணி சாதி மறுப்பையும் சீர்திருத்தத் திருமணத்தையும் வலியுறுத்தினார். பெரானாக்கான் சீனப் பெண்மணி ஒருவரையே வாழ்க்கைத் துணையாக ஏற்றார்.

சட்டம் வகுத்த உறவு

1953-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம் தொழில்தேடி வருவோர்க்கு வாயிலை வெகுவாகக் குறுக்கியது. ஊருக்கும் இங்குமாகப் போய்வந்த குடும்பம் எந்தக் கரை தன் கரை என்று தெரிந்தெடுக்க வேண்டியதாயிற்று. தமிழர் குடியுரிமை பெற வேண்டும் என்று சாரங்கபாணி ஊக்கத்துடன் பரப்புரை செய்தது இச்சூழலிலேதான். மலேசியாவில் 1969-க்குப் பின் குடியுரிமை இல்லாதோர்க்கு வேலை அனுமதிச் சீட்டு கட்டாயமானபோது, ஆயிரக்கணக்கான தோட்டத் தொழிலாளர் இந்தியா திரும்பினர். ஓர் அட்டை இல்லாமையால் குடும்பங்கள் பிரிந்தன.

மற்றொரு வகையில், சட்டமே குடும்பத்தின் பங்கை உறுதிப்படுத்தியதும் உண்டு. மலேசியாவில் பதினெட்டு வயது நிறைந்தவர் சட்டப்படி வயது வந்தவர். எனினும், 1982-இல் நடைமுறைக்கு வந்த முஸ்லிம் அல்லாதார்க்குரிய திருமணச் சட்டம், இருபத்தொரு வயது நிறையாதவர் மணம் செய்யப் பெற்றோரின் எழுத்துவழி இசைவைக் கோருகிறது. சிங்கப்பூரின் 1961-ஆம் ஆண்டு மாதர் சாசனமும் அவ்வாறே கோரியது. முதுமையில் தம்மைப் பேணிக்கொள்ள இயலாத பெற்றோர் பிள்ளைகளிடம் பராமரிப்புத் தொகை கோர, சிங்கப்பூரில் 1995-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டைத் தனியாளாக வாங்க முப்பத்தைந்து வயது ஆக வேண்டும் என்ற விதி, மணமாகாத இளையோர் பெற்றோருடன் நெடுங்காலம் வாழ்வதற்கு ஒரு காரணம்.

வகுப்பறைக்கு ஒரு பணி

இவற்றால் நாம் அறிவது யாது? பெற்றோரின் ஈடுபாடு ஊரிலிருந்து மாறாமல் வந்த மரபாக மட்டும் இருக்கவில்லை. தோட்ட ஊதியமும் கப்பற்கட்டணமும் குடியுரிமைச் சட்டமும் வீட்டு விதியும் அதற்கு வடிவம் கொடுத்தன. “இது நம் பண்பாடு” என்ற ஒரு சொல்லால் இளையோரின் வினாவை மூத்தோர் அடைத்துவிடுதலும், “இது பழமை” என்ற ஒரு சொல்லால் மூத்தோரின் அச்சத்தை இளையோர் ஒதுக்கிவிடுதலும் வரலாற்றுக்குப் பொருந்தா. தனித்து வந்து இறங்கிய ஒருவர் குடும்பத்தை எத்துணை இழப்புக்குப் பின் அமைத்தார் என்பதை அறிந்த பேரன், பாட்டனின் கவலையை வேறு கண்ணால் காண்பான். தம் பாட்டனாரும் இருபது வயதில் பெற்றோர் அருகின்றித் தாமே முடிவெடுத்தவர் என்பதை நினைக்கும் தந்தை, மகளின் விருப்பத்தைப் பொறுமையுடன் கேட்பார்.

ஆசிரியர்கள் இதனை ஒரு சிறு ஆய்வுப் பணியாக அமைக்கலாம். ஒவ்வொரு மாணவரும் தம் குடும்பத்தின் மூத்தவரிடம் மூன்று வினாக்கள் கேட்கட்டும்: நம் குடும்பத்தில் முதலில் இங்கு வந்தவர் யார், எந்த வயதில் வந்தார்? அவரை அழைத்து வந்தவர் அல்லது அனுப்பி வைத்தவர் யார்? அவர் திருமணத்தை முடிவு செய்தவர் யார்? சிங்கப்பூரில் 1979 முதல் வாய்மொழி வரலாறு அரசாங்க அளவில் பதிவு செய்யப்பட்டு வருகிறது. ஆயினும், பெரும்பாலான குடும்பங்களின் விடைகள் இன்னும் எந்த ஏட்டிலும் ஏறவில்லை. அவற்றைக் கூறவல்ல முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். ஆதலின், இவ்வாண்டுப் பள்ளி விடுமுறையிலேயே இப்பணியைத் தொடங்குதல் நன்று.