கல்வராயன் மலைக்கான கொலஸ்ட்ரால் உணரி: நுண்மையா, நம்பகமா?

கொலஸ்ட்ராலை நொதிகளால் அளக்கும் உயிரி உணரிகள் பற்றி இந்தியாவில் ஆழமான ஆய்வுகள் நடந்துள்ளன. புதுதில்லி தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் பி.டி. மல்கோத்ராவின் குழுவும், ரோத்தக் மகரிஷி தயானந்த் பல்கலைக்கழகத்தில் சி.எஸ். புந்திரின் குழுவும் நொதியை மின்முனையில் நிலைநிறுத்தும் வழிகளை விரிவாக ஆராய்ந்துள்ளன. இத்துறையின் கட்டுரைகள் பலவும் எவ்வளவு நுண்ணிய அளவைக் கண்டறிய முடிகிறது என்பதையே முன்னிறுத்துகின்றன. ஆனால், இரத்தக் கொலஸ்ட்ரால் டெசிலிட்டருக்கு 200 மில்லிகிராம் என்பது லிட்டருக்கு 5 மில்லிமோலுக்கும் மேல். இவ்வளவு தாராளமாக இரத்தத்தில் இருக்கும் பொருளுக்கு மைக்ரோமோல் நுண்மை தேவையில்லை. தேவை நம்பகம், அதைச் சோதிக்க வேண்டிய களம் கல்வராயன் போன்ற மலைகளே.

இரத்தக் கொலஸ்ட்ராலில் ஏறத்தாழ 70 விழுக்காடு கொழுப்பு அமிலத்தோடு பிணைந்த எஸ்டராக உள்ளது. கொலஸ்ட்ரால் எஸ்டரேஸ் அந்தப் பிணைப்பை முறிக்கிறது. பின்னர் கொலஸ்ட்ரால் ஆக்சிடேஸ், ஆக்சிஜனைப் பயன்படுத்தி ஹைட்ரஜன் பெராக்சைடை உண்டாக்குகிறது. அதை நிறமாக மாற்றி அளக்கும் முறையை ஆலெய்ன் குழுவினர் 1974இல் வெளியிட்டனர். கிளார்க்கும் லயன்ஸும் 1962இல் முன்வைத்த நொதி மின்முனையின் வழியில், அதையே மின்னோட்டமாகவும் அளக்கலாம்.

2019 நவம்பரில் தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியில், மலையாளிப் பழங்குடியினர் வாழும் கல்வராயன் மலையின் வெள்ளிமலைப் பகுதிக்கு, இந்நொதிகள் பூசிய பட்டையால் அளக்கும் கருவி போனால் என்ன ஆகும்? முதல் இடர் இரத்தசோகை. தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழகத்தில் 15–49 வயதுப் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோர் இரத்தசோகை உள்ளவர்கள். முழு இரத்தத்தை அப்படியே அளக்கும் பட்டையில், சிவப்பணு குறையக் குறைய பிளாஸ்மாவின் பங்கு கூடும். அளவு மெய்யைவிட உயர்ந்து தெரியும். இரண்டாவது ஆக்சிஜன். காற்றோடு சமநிலையில் உள்ள நீரில் லிட்டருக்குக் கால் மில்லிமோல் ஆக்சிஜன்தான் கரைந்திருக்கும். 5 மில்லிமோல் கொலஸ்ட்ராலின் வினைக்கு அது போதாது. 3000 அடி உயரத்தில் அதுவும் பத்தில் ஒரு பங்கு குறையும். மூன்றாவது, பெராக்சைடைப் பிளாட்டின மின்முனையில் நேரடியாக அளக்கும்போது நேரும் குறுக்கீடு. உடம்பு வலிக்குப் பாராசிட்டமால் போட்டுக்கொண்டு முகாமுக்கு வருபவரின் இரத்தத்தில் அந்த மருந்தும் மின்னோட்டம் தரும். ஃபெர்ரிசயனைடு போன்ற எலக்ட்ரான் கடத்தியைச் சேர்த்தால் பின்னிரண்டு இடர்களும் பெரிதும் தணியும். முதல் இடருக்குச் சிவப்பணுவை வடிகட்டும் படலம் வேண்டும்.

கொலஸ்ட்ரால் அளவே இல்லாமல் இதயநோய் அபாயத்தைக் கணிக்கலாமே என்று கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட அட்டவணைகளில் ஆய்வகம் தேவைப்படாத வகையும் உண்டு. அது கொலஸ்ட்ராலுக்குப் பதில் உடல் நிறைக் குறியீட்டைக் கொள்கிறது. ஒல்லியான உடலிலும் கொழுப்புக் கோளாறு காணப்படும் நம் நாட்டில் அந்த மாற்று போதாது. ஐசிஎம்ஆர்–இண்டியாப் ஆய்வு (2023) இந்தியரில் 24 விழுக்காட்டினருக்குக் கொலஸ்ட்ரால் மிகுதி என்று கணித்தது. சீரத்தைப் பிரித்துக் குளிரில் வைத்து மலையடிவாரத்துக்கு அனுப்பினால் கொலஸ்ட்ரால் கெடாது என்பதும் சரியே. ஆயினும் முடிவு மலையேறித் திரும்பி வரும்வரை சிகிச்சை காத்திருக்க வேண்டும். கையில் கிடைக்கும் அளவு அந்தக் காத்திருப்பை நீக்கும்.

எனவே சோதனை இப்படி அமைய வேண்டும்: வெள்ளிமலையில் விரல்நுனி இரத்தத்தைப் பட்டையில் அளக்கும் அதே வேளையில், அதே நபரின் சிரை இரத்தத்தைக் கள்ளக்குறிச்சி அரசு மருத்துவக் கல்லூரி ஆய்வகத்துக்கு அனுப்ப வேண்டும். ஹீமோகுளோபின் குறைந்தோரும் இயல்பானோரும் சம அளவில் இடம்பெற வேண்டும். பட்டைக் குப்பிகளைத் துணை சுகாதார நிலைய அலமாரியிலேயே கோடையும் மழையும் கடக்க வைத்துப் பார்க்க வேண்டும். வெப்பமும் ஈரமும் நொதியை முடக்குபவை. மொத்தக் கொலஸ்ட்ராலுக்கு அமெரிக்க தேசியக் கொலஸ்ட்ரால் கல்வித் திட்டம் வகுத்த மொத்தப் பிழை வரம்பு 8.9 விழுக்காடு. மெய்யான அளவு 200 என்றால், 182க்கும் 218க்கும் இடையே காட்டினால்தான் ஏற்பு. இதில் தேறும் கருவியைத் தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின் களப் பணியாளர் கையில் தரலாம். தேறாததை, அதன் ஆய்வக நுண்மை எதுவாயினும், மலைக்கு அனுப்பக்கூடாது.