நார்ட்டன்: ஒரு பெயர் கைமாறிய கதை

சே குவேராவின் மோட்டார் சைக்கிள் பயணக் குறிப்புகளைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்து, "ஐயா, அந்த வண்டி கடைசியில் என்ன ஆயிற்று?" என்று கேட்டார். நூலைப் படித்தவர்களுக்கு விடை தெரியும். 1952ஆம் ஆண்டுப் பயணத்தில் சேவையும் அவர் நண்பர் அல்பெர்ட்டோ கிரனாடோவையும் சுமந்து சென்ற அந்த 500 சி.சி. நார்ட்டன், சிலி நாட்டில் பழுதாகிக் கைவிடப்பட்டது. அதற்குமேல் லாரியிலும் கப்பலிலும் கால்நடையாகவும்தான் இருவரும் பயணம் செய்தார்கள். பெரும்பகுதிப் பயணத்தில் மோட்டார் சைக்கிளே இல்லை. ஆயினும் நூலின் தலைப்பில் அது நிலைத்துவிட்டது.

அந்த வண்டியைச் செய்த நிறுவனத்தின் வரலாறும் ஏறக்குறைய இதுவேதான். நிறுவனம் பலமுறை விழுந்தது. பெயர் மட்டும் ஒவ்வொரு முறையும் எழுந்து வேறொருவர் கைக்குப் போனது. கடைசியாக அது வந்து சேர்ந்த இடம் தமிழ்நாடு என்பதால், இக்கதையை நாம் சற்று நின்று பார்க்கவேண்டியிருக்கிறது.

ஜேம்ஸ் லான்ஸ்டௌன் நார்ட்டன் 1898இல் பர்மிங்காம் நகரில் மிதிவண்டித் தொழிலுக்கான உதிரிப் பாகங்களைச் செய்யத் தொடங்கினார். 1902இல் முதல் மோட்டார் சைக்கிளைச் செய்தார். 1907இல் மான் தீவில் நடந்த முதல் டூரிஸ்ட் டிராபி பந்தயத்தில், இரட்டை சிலிண்டர் பிரிவில் ரெம் ஃபவுலர் என்ற வீரர் நார்ட்டனில் வென்றார். அந்த வண்டியின் எஞ்சின் பிரெஞ்சு நாட்டுப் பூஜோ நிறுவனத்தினுடையது என்பது பலர் அறியாத செய்தி. ஜேம்ஸ் நார்ட்டன் நல்ல கைவினைஞர். ஆனால் வணிகம் அவருக்குக் கைவரவில்லை. 1913இலேயே நிறுவனம் நொடித்தது. பாப் ஷெல்லி என்பவர் அதை வாங்கி, நார்ட்டனையும் உடன் வைத்துக்கொண்டு நடத்தினார். முதல் வீழ்ச்சியும் முதல் கைமாற்றமும் அப்போதே நிகழ்ந்துவிட்டன. இன்றும் எண்ணெய்த் தொட்டியில் காணப்படும் அந்த வளைந்த எழுத்துச் சின்னம் இதற்குப் பின்னரே வந்தது. தம் மகள் எத்தெலுடன் சேர்ந்து நார்ட்டன் அதை வரைந்ததாகச் சொல்வார்கள்.

அதன்பின் வந்தது பொற்காலம். 1930களில் மான் தீவுப் பந்தயங்களில் நார்ட்டனே கோலோச்சியது. இரண்டாம் உலகப் போரில் ஏறத்தாழ 1 லட்சம் வண்டிகளை ராணுவத்துக்குச் செய்து கொடுத்தது. 1950இல் பெல்ஃபாஸ்ட் நகரைச் சேர்ந்த மெக்கேண்ட்லஸ் சகோதரர்கள் வடிவமைத்த புதிய சட்டகம் வந்தது. அதில் ஓட்டிப் பார்த்த பந்தய வீரர் ஒருவர் இறகு மெத்தையில் அமர்ந்ததுபோல் இருக்கிறது என்று சொல்ல, 'ஃபெதர்பெட்' என்பதே அதன் பெயராயிற்று. அடுத்த ஆண்டே ஜெஃப் டியூக் 350, 500 சி.சி. ஆகிய இரு பிரிவுகளிலும் உலகச் சாம்பியன் ஆனார்.

ஆனால் பந்தயத்தில் வெல்வது வேறு, தொழிற்சாலை நடத்துவது வேறு. 1953இல் நார்ட்டனை அசோசியேட்டட் மோட்டார் சைக்கிள்ஸ் நிறுவனம் வாங்கியது. 1960களின் தொடக்கத்தில் பர்மிங்காமின் பிரேஸ்பிரிட்ஜ் தெருவில் இருந்த பழைய ஆலை மூடப்பட்டு, உற்பத்தி லண்டனுக்குப் போனது. தலைமுறையாகக் கற்ற கைகள் பல அங்கேயே நின்றுவிட்டன. 1966இல் வாங்கிய நிறுவனமே மஞ்சள் கடிதாசி கொடுத்தது. டென்னிஸ் பூர் தலைமையில் இயங்கிய மாங்கனீஸ் பிரான்ஸ் என்ற குழுமம் நார்ட்டனை எடுத்துக்கொண்டது. எஞ்சினின் அதிர்வு ஓட்டுபவரை எட்டாதபடி ரப்பர் தாங்கிகளில் அதைப் பொருத்திய 'கமாண்டோ' 1967இல் அறிமுகமாகிப் பெரும்புகழ் பெற்றது.

அது பழைய எஞ்சினுக்குக் கண்டுபிடித்த புத்திசாலித்தனமான கட்டுத்துணி என்றே சொல்லவேண்டும். 1969இல் ஜப்பானின் ஹோண்டா, நான்கு சிலிண்டர், விசையால் இயங்கும் ஸ்டார்ட்டர், டிஸ்க் பிரேக் ஆகியவற்றோடு 750 சி.சி. வண்டியைக் கொண்டுவந்தது. எண்ணெய் ஒழுகாத பெரிய வண்டி என்பதே அன்று ஆங்கிலேயருக்குப் புதுமை. 1975இல் பிரிட்டிஷ் அரசு கேட்டு வாங்கிய ஆய்வறிக்கை ஒன்று காரணத்தைத் தெளிவாகச் சொன்னது. சிறிய வண்டிகளில் ஜப்பானியர் போட்டியிட்டபோது, அதில் லாபம் இல்லை என்று ஆங்கில நிறுவனங்கள் விலகிக்கொண்டன. நடுத்தர வண்டிகளிலும் அவ்வாறே. பின்வாங்கிப் பின்வாங்கிக் கடைசியில் நிற்பதற்கு இடமில்லாமல் போயிற்று. ஒவ்வோர் ஆண்டின் கணக்கிலும் அது சரியான முடிவாகவே தோன்றியிருக்கும். இருபது ஆண்டுக் கணக்கில்தான் தற்கொலை.

அரசு ஆதரவோடு 1973இல் உருவான நார்ட்டன் வில்லியர்ஸ் டிரையம்ப் நிறுவனம், மெரிடன் ஆலையை மூடப்போவதாக அறிவித்தது. தொழிலாளர்கள் ஆலையைக் கைப்பற்றி உள்ளே அமர்ந்துவிட்டார்கள். 1975இல் அரசு உதவியும் நின்றது. அடுத்த சில ஆண்டுகளில் கமாண்டோவும் நின்றது. எண்பதுகளில் சுழல் எஞ்சின் வண்டிகளோடு சிறிய அளவில் நார்ட்டன் தொடர்ந்தது. 1992இல் ஸ்டீவ் ஹிஸ்லப் அத்தகைய வண்டியில் மான் தீவின் சீனியர் பந்தயத்தை வென்றபோது, அங்கே ஓர் ஆங்கில வண்டி வென்று 31 ஆண்டுகள் ஆகியிருந்தன. அணையப்போகும் விளக்கின் சுடர் அது. பின்னர் பெயர் அமெரிக்கா போயிற்று, அங்கும் தழைக்கவில்லை.

2008இல் ஸ்டூவர்ட் கார்னர் என்ற ஆங்கிலேய வணிகர் அந்தப் பெயரை மீட்டு வந்தார். டோனிங்டன் மாளிகையில் ஆலை அமைந்தது. அமைச்சர்கள் வந்து பார்த்துப் பாராட்டினார்கள். பிரிட்டிஷ் கைத்திறனின் மறுபிறப்பு என்று ஏடுகள் எழுதின. 2020 ஜனவரியில் நிறுவனம் நொடித்தபோதுதான் மேடைக்குப் பின்னால் இருந்தது தெரியவந்தது. முன்பணம் கட்டிய பலர் வண்டி வராமல் காத்திருந்தார்கள். அதைவிடக் கொடியது ஓய்வூதியப் பணத்தின் கதை. 200க்கும் மேற்பட்ட எளிய மனிதர்கள் தங்கள் சேமிப்பை மூன்று ஓய்வூதியத் திட்டங்களில் போட்டிருந்தார்கள். அவற்றின் அறங்காவலர் கார்னரே. திட்டத்தை நடத்தும் நிறுவனத்திலேயே 5 சதவீதத்துக்கு மேல் முதலீடு செய்யக்கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். அவரோ 1 கோடி பவுண்டுக்கும் மேற்பட்ட தொகையை நார்ட்டனிலேயே போட்டுவிட்டார். 2022இல் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 8 மாதச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டு நிறுத்திவைக்கப்பட்டது.

அறங்காவலர் என்ற சொல்லை எழுதும்போது கை சற்றுத் தயங்குகிறது. சட்டச் சொல்லாக நாம் ஆக்கிக்கொண்ட அச்சொல்லுக்குள் அறம் என்ற சொல் இன்னும் விழித்துக்கொண்டுதான் இருக்கிறது.

2020 ஏப்ரலில், உலகமே கதவடைத்துக் கிடந்த நாட்களில், ஓசூரின் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 1 கோடியே 60 லட்சம் பவுண்டுக்கு நார்ட்டனை வாங்கியது. 1911இல் மதுரையில் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய பேருந்துப் போக்குவரத்திலிருந்து கிளைத்த குடும்பத்தின் நிறுவனம் அது. நெல் மூட்டையும் பால் கேனும் ஏற்றிச் செல்லும் டி.வி.எஸ். 50ஐச் செய்தவர்கள், சே குவேராவின் வண்டிப் பெயருக்கு உரிமையாளர் ஆனார்கள். நம்மில் பலர் மகிழ்ந்தோம், நானும் மகிழ்ந்தேன்.

ஆனால் வாங்கியது எதை என்று பார்க்கவேண்டும். பெயர், வடிவமைப்புகள், கருவிகள் ஆகிய சொத்துகளே விலைக்கு வந்தன. கடன்கள் பழைய நிறுவனத்தோடு தங்கிவிட்டன. இது சட்டப்படி முறையானது. நொடித்த நிறுவனங்களை வாங்கும் எவரும் செய்வது. டி.வி.எஸ். மீது இதில் பழி இல்லை. சொல்லப்போனால், பழைய நிர்வாகத்தில் செய்யப்பட்ட வி4 வண்டிகளில் பாதுகாப்புக் குறைகள் தெரியவந்தபோது, புதிய நார்ட்டன் 2021இல் அவற்றை ஓட்டவேண்டாம் என்று வெளிப்படையாகவே எச்சரித்தது. அதே ஆண்டில் சோலிஹல் நகரில் புதிய ஆலையையும் திறந்தது. எனினும் ஓய்வூதியத்தை இழந்தவர்கள் தங்களுக்கான ஈட்டைப் பொது இழப்பீட்டு நிதியத்திடம் எதிர்பார்த்து நிற்கவேண்டியதாயிற்று.

நம் மரபில் நடுகல்லில் பொறித்த பெயர் இறந்தவனோடு நிற்கும். அவன் எதற்காக இறந்தான் என்பதையும் சேர்த்தே சொல்லும். வணிகத்தில் பெயர் தனியே கழன்று வந்துவிடுகிறது. புகழ் வாங்கியவருக்குப் போகிறது, இழப்பு இழந்தவரோடு தங்கிவிடுகிறது. 1913, 1966, 1975, 2020 என ஒவ்வொரு முறையும் இதுவே நடந்தது. பாரம்பரியம் என்று விளம்பரங்கள் சொல்வதில் பந்தய வெற்றிகள் இருக்கின்றன. பிரேஸ்பிரிட்ஜ் தெருவில் வேலை இழந்தவர்களும், முதுமைக்கென்று சேர்த்ததைத் தொலைத்தவர்களும் அதில் இல்லை.

அந்த மாணவரிடம் அன்று, வண்டி சிலியில் நின்றுவிட்டது என்று மட்டும் சொன்னேன். அது முழு விடையன்று. அந்தப் பெயர் இன்று நம்மவர் கையில் இருக்கிறது. அதன் வெற்றிகளைச் சொந்தம் கொண்டாடும்போது, அதன்பொருட்டு இழந்தவர்களையும் நம் வரலாற்றில் எழுதிவைப்பதே முறை என்று நினைக்கிறேன்.