உதயகிரிக் கோட்டையின் கல்லறைகள்

காஞ்சி மாநகரை அடுத்துள்ள புள்ளலூரின் வயல்வெளியில் இரண்டு நினைவுத் தூண்கள் நிற்கின்றன. 1781ஆம் ஆண்டு ஆகஸ்டு 27ஆம் நாள் ஐதர் அலியின் படையோடு நிகழ்ந்த போரில் மடிந்த ஆங்கிலப் படை அதிகாரிகள் இருவருக்காக எழுப்பப்பட்டவை அவை. அதற்கு முந்திய ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் இதே மண்ணில்தான் கர்னல் பெய்லியின் படை ஐதராலும் அவர் மகன் திப்புவாலும் முற்றாக முறியடிக்கப்பட்டது. பல்லவன் மகேந்திரவர்மன் பகைவரை வென்றதாகச் செப்பேடு கூறும் இடமும் இவ்வூரே. தறியோசையும் கோயில் மணியோசையும் கலந்தொலிக்கும் காஞ்சிக்கு இவ்வளவு அருகில் இத்தனை இரத்தம் சிந்தப்பட்டதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

போர்க்களத் தூண்கள் இறந்தவனின் பெயரைச் சொல்லும், பதவியைச் சொல்லும். அவனுக்காக எந்த வீட்டில் யார் விளக்கேற்றிக் காத்திருந்தார் என்பதைச் சொல்வதில்லை. புள்ளலூர்த் தூண்களின் அருகே நின்றபோது நம் நினைவு தென்கோடிக்கு ஓடியது. அதற்குக் காரணமும் உண்டு. புள்ளலூரில் வெற்றி கண்ட திப்பு, 1789 டிசம்பர் இறுதியில் திருவிதாங்கூரின் வட எல்லையில் நெடுங்கோட்டை என்னும் நீண்ட அரணைத் தாக்கி, முதல் முயற்சியில் தோற்றுப் பின்வாங்க நேர்ந்தது. அந்த அரணை அமைத்த படைத்தலைவர் அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இறந்துவிட்டார். அவர் ஒரு கத்தோலிக்கர். அவரும் அவர் மனைவியும் மகனும் குமரி மாவட்டத்துப் புலியூர்க்குறிச்சியில், உதயகிரிக் கோட்டைக்குள் துயில்கின்றனர்.

யுஸ்தாக்கியுஸ் பெனடிக்டுஸ் டிலனாய் என்பது அவர் பெயர். டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் பணியாற்ற வந்தவர். அன்று சண்டைக்கெல்லாம் வித்து மிளகு. மிளகு வணிகத்தைத் தம் கையில் வைத்துக்கொள்ள முனைந்த திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மாவுக்கும் டச்சுக்காரருக்கும் பகை மூண்டது. 1741இல் குளச்சல் கடற்கரையில் டச்சுப் படை தோற்றுச் சரணடைந்தது. சிறைப்பட்டவர்களுள் டிலனாயும் ஒருவர்.

சிறைப்பட்ட வீரனுக்கு அக்காலத்தில் வாய்த்த முடிவுகள் பல. அவற்றில் நல்லவை மிகச் சில. மார்த்தாண்ட வர்மா கூர்ந்த பார்வையுடைய மன்னர். கைதியின் திறமையைக் கண்டு, தம் படைக்கு ஐரோப்பிய முறையில் பயிற்சியளிக்கும் பொறுப்பை அவரிடம் ஒப்படைத்தார். உதயகிரிக் கோட்டை வலுப்படுத்தப்பட்டது. அதனுள் பீரங்கி வார்க்கும் உலைக்கூடம் எழுந்தது. கன்னியாகுமரியருகே வட்டக்கோட்டையும் அவர் கைவண்ணத்தில் உறுதி பெற்றது. காயங்குளம் முதல் கொச்சி எல்லைவரை திருவிதாங்கூரின் ஆட்சி விரிந்தது. கைதியாய் வந்தவர் ‘வலிய கப்பித்தான்’ ஆனார். 1753இல் மாவேலிக்கரை உடன்படிக்கையின்மூலம் டச்சுக் கம்பெனி திருவிதாங்கூரோடு சமாதானம் செய்துகொண்டபோது, அவருடைய பழைய எசமானர்கள் அவருடைய புதிய எசமானர்முன் தலைதாழ்த்தினர். விந்தைதான்!

ஆயினும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இத்துணை உயர்வு பெற்றவர், கிறிஸ்தவர் என்பதால், பத்மநாபபுரம் அரண்மனைக்குள் நுழைய அன்றைய வழக்கம் இடந்தரவில்லை. அரண்மனைக்கு அண்மையிலிருந்த உதயகிரிக் கோட்டையே அவருடைய இல்லமாயிற்று. அங்கேயே அவர் வழிபட ஓர் ஆலயம் எழுந்தது. மார்கரீத்தாவை மணந்து அவர் குடும்பம் நடத்தியதும் அங்கேதான். மக்கள் அதை டிலனாய் கோட்டை என்றே அழைத்தனர்.

அந்தக் கோட்டைப் பணியின்போதுதான் அரண்மனை அலுவலரான நட்டாலம் நீலகண்ட பிள்ளை அவருக்கு நண்பரானார். கால்நடை இழப்பாலும் குடும்பத் துன்பங்களாலும் மனமுடைந்திருந்த நீலகண்டருக்கு டிலனாய் யோபுவின் வரலாற்றை எடுத்துச் சொன்னார் என்பதை நாம் ஞானோபதேச வகுப்பிலேயே கேட்டிருக்கிறோம். போரில் தோற்று, நாடிழந்து, பகைவரிடம் ஊழியம் செய்து பிழைத்த ஒருவர் யோபுவைப் பற்றிப் பேசினால் அது வெறும் புத்தகப் பேச்சாக இருந்திருக்காது. கேட்டவர் உள்ளம் மாறியது. நண்பரின் வழிகாட்டுதலால் வடக்கன்குளம் சென்று, அங்கிருந்த இயேசுசபைக் குரு பரஞ்சோதிநாதரிடம் 1745 மே 14ஆம் நாள் திருமுழுக்குப் பெற்றுத் தேவசகாயம் ஆனார். அவர் மனைவி பார்கவியும் பின்னர் ஞானப்பூ என்னும் பெயரில் திருமுழுக்குப் பெற்றார்.

அதன்பின் நடந்தவை நாம் அறிந்தவை. 1749இல் தேவசகாயம் கைது செய்யப்பட்டார். அடியும் அவமானமும் நிறைந்த மூன்று ஆண்டுகள் சென்றன. 1752 சனவரி 14ஆம் நாள் ஆரல்வாய்மொழியருகே காற்றாடிமலையில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

இங்கேதான் நம் சிந்தனை தடைப்படுகிறது. கொல்ல ஆணையிட்ட அரசின் படைக்குப் பயிற்சியளித்தவர் டிலனாய். தாகத்தால் வாடிய தேவசகாயம் முழங்கையால் இடித்ததும் நீர் சுரந்தது என்று மரபு போற்றும் முட்டிடிச்சான் பாறை எங்கே இருக்கிறது? அதே புலியூர்க்குறிச்சியில்! விலங்கு பூண்ட நண்பர் தண்ணீருக்குத் தவித்த இடத்துக்கும் கப்பித்தானின் வீட்டுக்கும் நெடுந்தொலைவில்லை. நண்பர் கொல்லப்பட்ட பிறகும் டிலனாய் வாளைக் கீழே வைக்கவில்லை. மார்த்தாண்ட வர்மா 1758இல் மறையும்வரை அவருக்கும், பின்னர் கார்த்திகைத் திருநாள் இராமவர்மாவுக்கும் பணிபுரிந்தார். அந்தச் சாவுக்குப் பின் இருபத்தைந்து ஆண்டுகள்.

அவரைக் கோழை என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை; குற்றமற்றவர் என்று சொல்லவும் நாத் தயங்குகிறது. அவர் என்னதான் உயர்ந்தாலும் பிடிபட்டு வந்தவர். 1752இல் அவருடைய மகனுக்கு வயது ஆறைத் தாண்டியிருக்காது. வீட்டில் சிறு பிள்ளையும் மனைவியும் இருக்க, மன்னரின் சினத்துக்கு எதிரே நிற்பது எத்தகையது என்பதை, ஒரு சிறு வேலையிழப்புக்கே அஞ்சி வாய்மூடிக் கிடக்கும் நாம் எண்ணிப் பார்க்கலாம். மேலும், தேவசகாயத்துக்கு நேர்ந்ததைக் கண்ட மார்கரீத்தா, ஒவ்வொரு மாலையும் கணவர் வாசலில் குதிரையிலிருந்து இறங்கும்வரை எப்படி இருந்திருப்பார்? கோட்டைச் சுவர் பகைவரைத் தடுக்கும். அத்தகைய அச்சத்தைத் தடுக்குமா?

எந்தப் பிள்ளையை எண்ணி அவர்கள் அஞ்சியிருக்கக்கூடுமோ, அந்தப் பிள்ளையையும் போர் விடவில்லை. மகன் யோவான் தந்தையின் தொழிலையே மேற்கொண்டான். 1765இல் களக்காட்டுப் போரில் வீழ்ந்தான். அப்போது அவனுக்கு வயது 19. உதயகிரி ஆலயத்தில் அவன் உடல் அடக்கம் செய்யப்பட்டது. அதே ஆலயத்தில்தான் பின்னர் தந்தையும் தாயும் அடக்கம் பெற்றனர்.

டிலனாய் 1777 சூன் 1ஆம் நாள் காலமானார். அவருடைய கல்லறையில் இலத்தீனும் தமிழும் பொறிக்கப்பட்டுள்ளன. இலத்தீன் வாசகம் வழிப்போக்கரை நிற்கச் சொல்லித் தொடங்குகிறது. திருவிதாங்கூர்ப் படையின் தலைவராக இருந்தார், ஏறக்குறைய 37 ஆண்டுகள் மன்னருக்கு உண்மையாய் ஊழியம் செய்தார், காயங்குளம் முதல் கொச்சிவரை உள்ள நாடுகளைப் படைவலியால் பணியவைத்தார், 62 ஆண்டும் 5 மாதமும் வாழ்ந்தார் என்று அது கூறுகிறது. யோபுவைப் பற்றி அவர் நண்பரிடம் பேசிய அந்த நாளைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அவர் பணியவைத்த நாடுகள் எவையும் இன்று தனி நாடுகளாக இல்லை. கல்லில் இடம்பெறாத அந்த உரையாடலின் பயன், 2022 மே 15ஆம் நாள் உரோமையில் திருத்தந்தை பிரான்சிஸ் தேவசகாயத்தைப் புனிதராக அறிவித்தபோது உலகுக்குத் தெரிந்தது.

ஞானப்பூவின் கல்லறை வடக்கன்குளத்தில் இருக்கிறது. கணவரின் உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் இருக்க, மனைவி தாம் அடைக்கலம் புகுந்த ஊரிலேயே தனித்து அடங்கினார். கப்பித்தானும் மார்கரீத்தாவுமோ அருகருகே துயில்கின்றனர். இறந்த பின்னும் கூடியிருக்கும் பேறு, நம்பிக்கைக்காக யாவும் இழந்த தம்பதியருக்கு வாய்க்கவில்லை. மன்னருக்குப் பணிந்து வாழ்ந்த தம்பதியருக்கு வாய்த்தது.

கோட்டாற்றில் இன்று எந்நேரமும் மெழுகுதிரிகள் எரிகின்றன. உதயகிரிக் கோட்டை பல்லுயிர்ப் பூங்காவாகப் பராமரிக்கப்படுகிறது. ஆலயத்துக்குக் கூரையில்லை. மரநிழலில் இளைப்பாற வருவோரில் சிலர் அந்தச் சுவர்களுக்குள் எட்டிப் பார்த்து, கல்லிலுள்ள தமிழ் எழுத்துகளை ஒவ்வொன்றாகக் கூட்டிப் படிக்கின்றனர்.