பத்து சென்ட் தக்காளி

ஏப்ரல் பிறந்தாலே பள்ளிப் பிள்ளைகளுக்கான "ஸ்டார்ட்அப் கேம்ப்" விளம்பரங்கள் வர ஆரம்பித்துவிடும். இது அமெரிக்காவிலிருந்து வந்த பழக்கம். அங்கே ஹைஸ்கூல் மாணவர்கள் ஜூன், ஜூலை மாதங்களில் ஏதாவது ஒரு பல்கலைக்கழக விடுதியில் இரண்டு மூன்று வாரம் தங்குவார்கள். நாலைந்து பேர் சேர்ந்து ஒரு கம்பெனிக்குத் திட்டம் போடுவார்கள். கடைசி நாளன்று நடுவர்கள் முன்னால் ஸ்லைடு போட்டுப் பேசுவார்கள். இதற்கு ஆயிரக்கணக்கான டாலர் கட்டணம். கல்லூரி விண்ணப்பத்தில் எழுதிக்கொள்ள ஒரு வரி கிடைக்கும்.

இது எங்கே தொடங்கியது என்று கேட்டால் பலரும் சிலிக்கான் வேலியைக் கைகாட்டுவார்கள். நான் பின்னோக்கித் தேடிக்கொண்டே போனதில் வந்து நின்றது வேறொரு இடம். 1910, தெற்கு கரோலினா மாநிலம், ஏய்க்கன் கவுண்டி. ஒரு தக்காளித் தோட்டம்.

கதையைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பின்னணி வேண்டும். அன்றைய அமெரிக்கத் தெற்கு என்றால் பருத்திதான். பருத்திக் காய்க் கூன்வண்டு டெக்சாஸ் வழியாக உள்ளே வந்து விளைச்சலைத் தின்றுகொண்டிருந்த காலம். வேளாண்துறையைச் சேர்ந்த சீமன் நாப் என்பவர் ஊர் ஊராகப் போய் புது சாகுபடி முறைகளைச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். பெரியவர்கள் கேட்கிற மாதிரி இல்லை. "எங்க அப்பா காலத்துலேர்ந்து இப்படித்தான் விதைக்கிறோம்" என்பதுதான் பதில். இது எந்த ஊர் விவசாயிக்கும் பொருந்தும், இல்லையா? அதனால் பையன்கள் வழியாகப் போவது என்று முடிவானது. ஒரு பையனுக்கு ஒரு ஏக்கர். அதில் அவன் புது முறையில் மக்காச்சோளம் போடவேண்டும். இவைதான் மக்காச்சோள கிளப்புகள். 1910-ல் தெற்கு கரோலினாவைச் சேர்ந்த ஜெரி மூர் என்ற பையன் ஒரே ஏக்கரில் 228 புஷலுக்கு மேல் எடுத்துக் காட்டினான். அந்த மாநிலத்துப் பெரியவர்களுக்கு ஏக்கருக்கு 20 புஷல் தேறுவதே கஷ்டமாக இருந்த காலம் அது.

இந்த கிளப்புகளில் எனக்குப் பிடித்தது விளைச்சல் இல்லை, கணக்கு. பையன் ஒரு கணக்குப் புத்தகம் வைக்கவேண்டும். விதை, உரம் மட்டும் எழுதினால் போதாது. அப்பாவின் நிலம்தான் என்றாலும் அதற்கு வாடகை போடவேண்டும். தன்னுடைய உழைப்புக்கும் மணிக்கணக்கில் கூலி போட்டுச் செலவில் எழுதவேண்டும். அதெல்லாம் கழித்து மிஞ்சுவதுதான் லாபம். சொந்த உழைப்பையும் சொந்த நிலத்தையும் இலவசம் என்று நினைத்துக்கொண்டு "லாபம் வருது" என்று சொல்லும் சிறுவியாபாரிகள் இன்றைக்கும் எத்தனை பேர்! அந்தப் பாடத்தை 12 வயதுப் பையனுக்கு நிலத்திலேயே நடத்தியிருக்கிறார்கள்.

சரி, பெண்பிள்ளைகளுக்கு?

1909 டிசம்பரில் நடந்த ஒரு கூட்டத்தில் மக்காச்சோள கிளப் பற்றிய பேச்சைக் கேட்டுவிட்டு, மேரி க்ரோமர் என்ற கிராமத்துப் பள்ளி ஆசிரியைக்கு வந்ததும் இதே கேள்விதான். அவர் ஏய்க்கன் கவுண்டியில் பெண்களுக்குத் தக்காளி கிளப் தொடங்கினார். முதல் வருஷம் சேர்ந்தவர்கள் 50-க்குச் சற்றுக் குறைவு. ஒவ்வொருத்திக்கும் பத்தில் ஒரு ஏக்கர். நம் கணக்கில் சரியாகப் பத்து சென்ட். நம்ம ஊரில் ஒரு வீடு கட்டி, பின்னால் கிணறும் நாலு தென்னையும் வைக்கிற அளவு இடம்.

ஏன் தக்காளி? நிறைய காரணம் இருந்தது. வீட்டுக்குப் பக்கத்திலேயே போடலாம், பெண்பிள்ளை தனியாக வயலுக்குப் போகவேண்டியதில்லை. சின்ன இடம் போதும். முக்கியமாக, அதை டப்பாவில் அடைக்கலாம். பச்சைத் தக்காளி விற்கிறவளுக்கு இரண்டு மூன்று நாள்தான் அவகாசம். ஊரில் எல்லோர் தோட்டத்திலும் ஒரே சமயத்தில் பழுக்கும், விலை விழும். (திண்டுக்கல், கிருஷ்ணகிரிப் பக்கம் ரோட்டில் கொட்டப்படும் தக்காளியை நாம் டிவியில் பார்ப்பது இதனால்தான்.) டப்பாவில் அடைத்துவிட்டால் குளிர்காலத்தில் விற்கலாம், விலையை நீயே சொல்லலாம். தக்காளியில் புளிப்பு அதிகம் என்பதால் வெறும் கொதிநீரில் வேகவைத்து அடைத்தாலே கெடாது. பீன்ஸ் மாதிரியான காய்களுக்கு அது போதாது, விஷமாகிவிடும்.

வேலை லேசானது இல்லை. ஜூலை, ஆகஸ்ட் வெயில். வெட்டவெளியில் அடுப்பு வைத்து, தொட்டி மாதிரி ஒரு கொதிகலன். தக்காளியை வெந்நீரில் போட்டு எடுத்துத் தோலுரித்து, தகர டப்பாவில் அடைத்து, மூடியைச் சுற்றிலும் பற்றவைக்கவேண்டும். மூடியின் நடுவே ஊசித்துளை மாதிரி ஒரு ஓட்டை விட்டிருப்பார்கள். கொதிக்கிற தண்ணீரில் கொஞ்ச நேரம் வைத்ததும் உள்ளே இருக்கும் காற்று அந்த ஓட்டை வழியாக வெளியேறிவிடும். உடனே ஒரு சொட்டு ஈயப்பற்றை வைத்து ஓட்டையை அடைத்து, மறுபடியும் வேகவைக்கவேண்டும். பதினான்கு, பதினைந்து வயதுப் பெண்கள் கையில் சூடான பற்றுக்கோலோடு நின்று செய்த வேலை இது.

முதல் வருஷம் முதல் பரிசு வாங்கிய பெண் தன் பத்து சென்ட்டிலிருந்து 512 டப்பா அடைத்தாள். செலவு போக லாபம் 40 டாலர். பரிசு, வின்த்ராப் கல்லூரியில் படிக்க உதவித்தொகை.

40 டாலர் பெரிய தொகையா? ஒப்பிட்டுப் பார்ப்போம். அந்த வருஷம் பருத்தி விலை பவுண்டுக்குச் சுமார் 14 சென்ட். (இந்த சென்ட் காசு, நிலமில்லை!) ஏக்கருக்கு விளைச்சல் 200 பவுண்டுக்குக் கொஞ்சம் மேலே. ஆக, அப்பா ஒரு ஏக்கர் பருத்தியில் பார்த்த மொத்த வரவே 30 டாலர் சொச்சம்தான். அதிலும் உரம், கூலி, கடன் எல்லாம் போகவேண்டும். மகள் பத்து சென்ட்டில் சம்பாதித்தது அதைவிட அதிகம். அந்த வீட்டில் ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் என்ன பேச்சு நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருகிறது.

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. அமெரிக்கா பிரிட்டனிடமிருந்து எடுத்துக்கொண்ட பொதுச் சட்ட மரபின்படி, வயதுக்கு வராத பிள்ளையின் சம்பாத்தியம் அப்பாவுக்குச் சொந்தம். சட்டப்படி அந்த 40 டாலரை அப்பா வாங்கி உழவு மாட்டுக்குச் செலவழித்தால் கேட்க ஆளில்லை. தக்காளி கிளப் சட்டத்தோடு மோதவில்லை. பெண்ணின் பெயரில் ஒரு கணக்குப் புத்தகத்தைத் திறந்தது, அவ்வளவுதான். நாற்று யார் நட்டது, டப்பா எவ்வளவுக்கு வாங்கியது, எத்தனை விற்றது என்று எல்லாம் அவள் கையெழுத்தில். ஊரே பார்க்கிற கண்காட்சியில் அந்தக் கணக்குக்கும் மதிப்பெண் உண்டு. அப்புறம் அந்தப் பணத்தை அவளிடமிருந்து வாங்குவது அப்பாவுக்கு அத்தனை சுலபமில்லை. சட்டம் தராத உரிமையைக் கணக்குப் புத்தகம் கொஞ்சம் வாங்கிக் கொடுத்தது என்று நான் புரிந்துகொள்கிறேன்.

1911-ல் பக்கத்து மாநிலமான வடக்கு கரோலினாவில் ஜேன் மெக்கிம்மன் பொறுப்பேற்றார். 14 கவுண்டிகளில் 400-க்கு மேற்பட்ட பெண்கள் சேர்ந்தார்கள். உடனே அடுத்த பிரச்சினை வந்தது, நம்பிக்கை. ஒருத்தி டப்பா நிறைய அடைப்பாள், இன்னொருத்தி பாதி தண்ணீர் விடுவாள். மளிகைக்கடைக்காரர் ஒருமுறை ஏமாந்தால் மறுமுறை வாங்கமாட்டார். ஆகவே தரம் நிர்ணயித்து, பொது லேபிள் ஒட்டி விற்றார்கள். ஃபோர்-எச் என்று இன்றைக்கு உலகம் முழுக்கத் தெரிகிற இளைஞர் அமைப்பின் பெயர் அந்தக் காலத்து டப்பா லேபிள்களில் இருக்கிறது. பிராண்ட் என்றால் என்ன என்று வகுப்பில் படிக்காமல், திரும்பி வந்த டப்பாவிலிருந்து படித்துக்கொண்டார்கள்.

இதை முழுக்கப் பொற்காலமாகவும் சொல்லிவிட முடியாது. அந்த உதவித்தொகை கொடுத்த வின்த்ராப் கல்லூரியில் அன்றைக்கு வெள்ளைக்காரப் பெண்களுக்கு மட்டும்தான் இடம். கறுப்பினப் பெண்களுக்கும் தக்காளி கிளப்புகள் இருந்தன. ஜீன்ஸ் ஆசிரியைகள் என்று அழைக்கப்பட்ட கறுப்பின ஆசிரியைகள் வர்ஜீனியாவிலும் கரோலினாவிலும் அவற்றை நடத்தினார்கள். ஆனால் 1914-ல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்து அரசுப் பணம் பாய ஆரம்பித்தபோது, அதை எந்தக் கல்லூரி வழியாகச் செலவழிப்பது என்பதை மாநில சட்டமன்றங்களின் கையில் விட்டுவிட்டார்கள். தெற்கில் அதன் அர்த்தம், பணம் வெள்ளையர் கல்லூரிகளுக்குப் போகும் என்பதுதான். அதே வெயிலில் அதே தக்காளியை அடைத்த பெண்ணுக்கு மிச்சம் மீதிதான் கிடைத்தது.

இன்னொரு திருப்பமும் நடந்தது. க்ரோமரே நல்ல தக்காளியை விட நல்ல பெண்களை வளர்ப்பதுதான் நோக்கம் என்ற பொருளில் பேசியவர். அரசுப் பணம் வந்ததும் அந்தப் பக்கம்தான் கனத்தது. வியாபாரம் பின்னால் போய், "வீட்டு நிர்வாகம்" முன்னால் வந்தது. 1917-ல் அமெரிக்கா போரில் இறங்கியதும் தகரத் தட்டுப்பாடு, உணவுச் சிக்கனப் பிரசாரம். விற்பதற்காக டப்பா அடைத்தது போய், குடும்பத்துக்காகவும் நாட்டுக்காகவும் கண்ணாடி ஜாடியில் அடைப்பது என்றானது. கணக்குப் புத்தகத்தின் இடத்தில் சமையல் குறிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது.

வியாபாரப் பாடம் நகரத்துக்குப் போனது. 1919-ல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில், ஏடி அண்ட் டி தலைவர் தியோடர் வெய்ல், காகித ஆலை அதிபர் ஹொரேஸ் மோசஸ், முன்னாள் செனட்டர் முர்ரே கிரேன் மூவரும் சேர்ந்து தொடங்கிய அமைப்புதான் பிற்பாடு ஜூனியர் அச்சீவ்மென்ட் ஆனது. கிராமத்துப் பிள்ளைகளுக்கு விவசாய கிளப் இருக்கிறது, நகரத்துப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது என்பதுதான் அவர்கள் யோசனை. அங்கே பிள்ளைகள் நிஜமாகவே சின்னச் சின்னப் பங்குகளை விற்று முதல் திரட்டுவார்கள், பொருள் செய்து விற்பார்கள், வருஷக் கடைசியில் கம்பெனியைக் கலைத்துப் பங்குதாரர்களுக்குப் பணத்தைத் திருப்புவார்கள். நஷ்டம் வந்தால் பக்கத்து வீட்டு அத்தை முகத்தில் விழிக்கவேண்டும். அது நல்ல பாடம்.

பல்கலைக்கழகக் கோடை முகாம் என்ற வடிவம் பின்னால் வந்தது. 1980 வாக்கில் வார்ட்டன் வணிகப் பள்ளியில் தொடங்கிய லீட் என்ற திட்டம் அதில் முக்கியமானது. சிறுபான்மை இனத்து ஹைஸ்கூல் மாணவர்களை அழைத்து, கோடையில் வணிகப் படிப்பை அறிமுகப்படுத்தியது. அதாவது, பணம் கட்டமுடிந்தவர்களுக்காக அல்ல, அதுவரை கதவு திறக்காதவர்களுக்காக. 1987-ல் ஸ்டீவ் மரியோட்டி தொடங்கிய நிஃப்ட்டி அமைப்பும் அப்படித்தான். ஃபோர்டு கம்பெனியின் நிதிப் பிரிவில் இருந்தவர், நியூயார்க் தெருவில் சில பையன்கள் அவரை அடித்துப் பணம் பிடுங்கிய பிறகு, அதே மாதிரிப் பையன்களுக்குப் பாடம் நடத்தப் போனார். அவருடைய முறையில் ஒரு முக்கியமான பகுதி, மாணவர் கையில் கொஞ்சம் காசைக் கொடுத்து மொத்த வியாபாரக் கடைக்கு அழைத்துப்போவது. வாங்கு, ஊருக்குக் கொண்டுவந்து விற்று, கணக்கு எழுது.

இந்த வரிசையை வைத்துப் பார்த்தால் எனக்கு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. உருப்படியான எல்லாத் திட்டத்திலும் மூன்று விஷயம் இருந்திருக்கிறது. விற்கிற பொருள் நிஜம். வாங்குகிறவர் நடுவர் இல்லை, காசு கொடுக்கிற அந்நியர். மிஞ்சுகிற பணம் பிள்ளையுடையது. ஸ்லைடு போட்டு முடிகிற முகாமில் இந்த மூன்றுமே இல்லை. அங்கே காசு போகிற திசையும் தலைகீழ், பிள்ளையின் வீட்டிலிருந்து முகாமுக்கு. மேடைப் பேச்சும் நண்பர்களும் கிடைப்பது உண்மைதான், அதற்கும் ஒரு மதிப்பு உண்டு. ஆனால் அதை வியாபாரப் பயிற்சி என்று சொல்லக்கூடாது.

எனவே உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு இந்த மாதிரி முகாம் விளம்பரம் வந்தால், நடத்துகிறவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "முடியும்போது எங்க பொண்ணு கையில யார் எழுதின கணக்கு இருக்கும்?"

வடக்கு கரோலினா மாநில ஆவணக் காப்பகத்தில் அந்தத் தக்காளிப் பெண்கள் எழுதிய சிறு புத்தகங்கள் இருக்கின்றன. அட்டையில் கையால் வரைந்து வண்ணம் தீட்டிய சிவப்புத் தக்காளி, ரிப்பன் கட்டு. உள்ளே எப்போது நாற்று விட்டேன், எப்போது மழை பொய்த்தது, எத்தனை டப்பா அடைத்தேன் என்று ஒரு கோடையின் வரலாறு. கடைசியில் வரவு, செலவு, மிச்சம்.