அசெம்ப்ளியை எட்டிப் பார்க்கும் வழிகள்

1970களின் தொடக்கத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிட்சி பி.டி.பி-11 கணினிக்கு எழுதிய சி கம்பைலர், முதலில் அசெம்ப்ளி உரையை எழுதி அசெம்ப்ளரிடம் ஒப்படைத்தது. அந்த உரையைக் கோப்பாகவே நிறுத்திவைக்கும் ஆப்ஷன் ‘-எஸ்’. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் ஏழாம் பதிப்பில் அது உண்டு. 1987இல் ரிச்சர்ட் ஸ்டால்மன் வெளியிட்ட ஜி.சி.சி.யும் அதே எழுத்தைத் தொடர்ந்தது.

சில கிலோபைட் நினைவகமே உள்ள எம்பெடெட் சில்லுகளுக்கு நிரல் எழுதுவோருக்கு இப்படி அசெம்ப்ளியைப் பார்ப்பது அன்றாடத் தேவை. காலதாமதத்துக்காக எழுதிய வெற்றுச் சுழற்சியை ஆப்டிமைசேஷன் அடியோடு நீக்கிவிட்டதா என்பது அசெம்ப்ளியைப் படித்தால் தெரிந்துவிடும். இப்படி நீக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் ‘வாலட்டைல்’ என்ற சொல் விடுபட்ட பிழைகள் பலவும் அங்கேதான் அகப்படும்.

ஆனால் ‘-எஸ்’ காட்டுவது லிங்கருக்கு முந்தைய நிலை. இறுதி முகவரிகள் அதில் இரா. அவற்றைக் காட்டுவது ஆப்ஜ்டம்ப் என்னும் டிஸ்அசெம்ப்ளர். அதன் ‘-டி’ கட்டளைகளை விரிக்கும். அதிலும் ஒரு ‘-எஸ்’ உண்டு: டீபக் தகவல் இருந்தால் மூல வரிகளை இடையிடையே சேர்ப்பது அதன் வேலை. புதியவர்களை வீணாகக் குழப்பும் மரபு இது.

1990களின் நடுவில் ஆர்ம் நிறுவனம் 32 பிட் கட்டளைகளோடு 16 பிட் தம்ப் கட்டளைகளையும் சேர்த்தபோது சிக்கல் கூடியது. குறியீட்டு அட்டவணை இல்லாத வெறும் பைனரியில் இருப்பது தம்ப் என்பதை ‘ஃபோர்ஸ்-தம்ப்’ ஆப்ஷனால் பயனரே சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆப்ஜ்டம்ப் தரும் பட்டியல் பொருளற்றதாகிவிடும்.