தூலா பாட்டியும் அஞ்சு மாடி வசவும்

காலேஜ் ஆண்டு விழா நாடகத்துல எனக்குக் குடிகாரன் வேஷம். சட்டை பட்டனைக் கழட்டிவிட்டு, நாக்கு குழறி, ரெண்டு தடவை தூண்ல மோதி, ஒரு தடவை கீழயும் விழுந்தேன். கைதட்டல் பலமா இருந்தது. நமக்குள்ள ஒரு சிவாஜி ஒளிஞ்சிருக்கார்னு நினைச்சுக்கிட்டே மேடையை விட்டு இறங்கினேன். ஹாஸ்டல் மெஸ்ல பரிமாறுற அண்ணன் மட்டும் சிரிக்கல. "தம்பி, குடிச்சவன் தள்ளாடணும்னு தள்ளாட மாட்டான். நேரா நடக்கத்தான் பாப்பான். முடியாமத்தான் தள்ளாடுவான்" அப்படின்னார்.

அப்ப கோபம்தான் வந்தது. ரொம்ப வருஷம் கழிச்சு, ரஷ்ய நாடக மேதை ஸ்தானிஸ்லாவ்ஸ்கி எழுதின 'கலையில் என் வாழ்க்கை' (1924) படிச்சப்பதான் அண்ணன் சொன்னது எவ்வளவு பெரிய விஷயம்னு உறைச்சது.

நமக்குப் பழக்கமே இல்லாத ஒரு மனுஷனோட நடத்தையை, பார்க்கிறவன் நம்புற மாதிரி மேடையில எப்படிக் கொண்டுவர்றது? இதுக்கு ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வாங்க. எனக்குப் பிடிச்ச பதில் 1902-ல் மாஸ்கோ ஆர்ட் தியேட்டர் ஆறு வார இடைவெளியில் போட்ட ரெண்டு நாடகங்கள்ல இருக்கு.

ஸ்தானிஸ்லாவ்ஸ்கியும் நெமிரோவிச்-தான்சென்கோவும் சேர்ந்து 1898-ல் ஆரம்பிச்ச கம்பெனி அது. 1902 நவம்பரில் டால்ஸ்டாயின் 'இருளின் வலிமை' நாடகத்தை எடுத்தாங்க. தூலா மாகாணத்துல நிஜமா நடந்த ஒரு குற்ற வழக்கை வச்சு 1886-ல் டால்ஸ்டாய் எழுதினது. கிராமம், கள்ளக்காதல், விஷம், குழந்தைக் கொலைன்னு படிக்கவே வயித்தைப் பிசையும். ரஷ்யாவில் 1895 வரைக்கும் மேடையேற்ற அனுமதியே கிடைக்கல.

நடிகர்களோ நகரத்து ஆட்கள். அதனால ஒரு குழு தூலா பக்கம் கிராமத்துக்கே போய்த் தங்குச்சு. குடிசை எப்படி இருக்கு, என்ன உடுத்துறாங்க, கல்யாணத்துல என்ன சடங்குன்னு எல்லாம் குறிச்சுக்கிட்டாங்க. திரும்பும்போது பழைய துணிமணி, சட்டிபானையோட, சொல்லிக்குடுக்க ஒரு கிழவரையும் ஒரு பாட்டியையும் கூட்டிக்கிட்டு வந்தாங்க.

இங்கதான் கதை சூடு பிடிக்குது.

மத்ரியோனாங்கிற கிழவி வேஷம் போட்ட நடிகைக்கு ஒருநாள் உடம்பு சரியில்லை. சும்மா ஒத்திகைக்குன்னு பாட்டியை நிறுத்தினாங்க. மத்ரியோனா தன் மகனோட கள்ளக்காதலிக்கு, அவ புருஷனைக் கொல்ல விஷப்பொடி குடுக்கிற காட்சி. பாட்டி மடிக்குள்ள கையை விட்டு, துழாவி, சின்னப் பொட்டலத்தை எடுத்தாங்க. எப்படிக் கலக்கணும், எவ்வளவு போடணும்னு நிதானமா விளக்கினாங்க, ஏதோ கஷாயத்துக்குப் பக்குவம் சொல்ற மாதிரி. பார்த்துக்கிட்டிருந்தவங்களுக்கு முதுகுல வேர்த்துடுச்சு. அங்கே இருந்த டால்ஸ்டாயோட மகன் செர்கேய், இந்த அம்மாவையே நடிக்க வைங்கன்னு சொல்லிட்டார்.

ஆனா சிக்கல். கோபக் காட்சி வந்தா பாட்டி டால்ஸ்டாய் வசனத்தைத் தூக்கிப் போட்டுட்டு சொந்த வசவுல இறங்கிடுவாங்க. எந்தத் தணிக்கையும் விடாத வசவு. கெஞ்சிப் பார்த்தும் ஆகல. திட்டாம எப்படிச் சண்டை போடுறதுன்னு அவங்களுக்குப் புரியவே இல்லை.

சரின்னு கூட்டத்துல ஒருத்தரா நிறுத்தினாங்க. பாட்டி ஒப்பாரி வச்சா, பக்கத்துல இருக்கிற நடிகர்கள் எல்லாம் பொம்மை மாதிரி தெரிஞ்சாங்க. பின் வரிசைக்குத் தள்ளினாங்க. ஒரே கூப்பாடு, மொத்தக் கூட்டமும் அமுங்கிப் போச்சு. பாட்டை முணுமுணுத்துக்கிட்டு மேடையைக் கடந்து போனா போதும்னாங்க. அதுக்கப்புறம் நடிகர்கள் வாயைத் திறந்தாலே செயற்கையா இருந்தது. கடைசியில பாட்டியோட குரலைப் பதிவு பண்ணி, திரைக்குப் பின்னால கிராமபோன்ல போட்டாங்களாம்! :-)

நாடகம் மேடையேறினப்ப குடிசை, சேறு, துணி எல்லாம் அச்சு அசல். ஆனா டால்ஸ்டாய் சொன்ன அந்த இருட்டு வரலைன்னு ஸ்தானிஸ்லாவ்ஸ்கியே ஒத்துக்கிறார். உள்ளே இருந்து நியாயம் கிடைக்காத வெளி விவரம் வெறும் மியூசியம்தான்னு அவருக்கு உறைச்ச இடம் இது.

அடுத்தது டிசம்பரில் கார்க்கியின் 'அடி ஆழத்தில்'. திருடன், சீட்டாட்ட மோசடிக்காரன், நொடிச்சுப்போன பிரபுன்னு ஒரு சத்திரத்துல ஒண்டிக்கிடக்கிற மனுஷங்களோட கதை. மறுபடியும் களப் பயணம். பத்திரிகைக்காரர் கிலியரோவ்ஸ்கி வழிகாட்ட, மாஸ்கோவின் ஹித்ரோவ் சந்தைச் சத்திரங்களுக்குப் போனாங்க. போலீஸே யோசிச்சு நுழையிற இடம். பலகைப் படுக்கைகள்ல ஆணும் பெண்ணும் பிணம் மாதிரி கிடந்தாங்க. நடுவுல எழுதப் படிக்கத் தெரிஞ்ச ஒரு கூட்டம். அவங்க பிழைப்பு என்ன தெரியுமா? நாடக நடிகர்களுக்கு வசனத்தைப் பிரதி எடுத்துக் குடுக்கிறது!

வோட்காவும் சாசேஜும் வந்ததும் பேச்சு களைகட்டுச்சு. நம்மளப் பத்தி நாடகமான்னு ஒருத்தர் கண் கலங்கினாராம். சுவத்துல, பத்திரத்துல கள்ளத்தனம் பண்ணின மகனும் அப்பாவும் அழுகிற அம்மாவும் இருக்கிற ஒரு படம் இருந்தது. அரங்க ஓவியர் சிமோவ் அது நல்லா இல்லைன்னு ஏதோ சொல்லிட்டார். அவ்வளவுதான், பாட்டிலையும் முக்காலியையும் தூக்கிக்கிட்டு அவர் மேல பாய்ஞ்சுட்டாங்க. அப்ப கிலியரோவ்ஸ்கி அஞ்சு மாடி உயரத்துக்கு அடுக்கி ஒரு வசவு விட்டார். கூட்டம் அப்படியே நின்னுடுச்சு. அடுத்த நிமிஷம் சிரிப்பு, கைதட்டல். உயிர் தப்பினாங்க.

கந்தலும் அழுக்கும் முன்னாடியே தெரிஞ்ச விஷயம்தான். அங்கே போய்த் தெரிஞ்சுக்கிட்டது வேற: தன்னை யார் என்ன சொன்னாலும் பொறுத்துக்கிறவன் எதைச் சொன்னா பாட்டிலைத் தூக்குவான்னு. அந்தப் படம் அவங்களுக்கு வெறும் படமில்லை, தொலைச்ச வீடு. எல்லாத்தையும் இழந்தாலும் சுதந்திரத்தை விடாத மனுஷங்கன்னு நாடகத்துக்கு ஒரு உயிர் அங்கேதான் கிடைச்சதா ஸ்தானிஸ்லாவ்ஸ்கி எழுதுறார். மாஸ்க்வின், கச்சாலோவ், ஓல்கா க்னிப்பர் எல்லாரும் நடிச்ச அந்த நாடகம் பெரிய வெற்றி. சாத்தினா நடிச்ச அவருக்கு மட்டும் தன் நடிப்புல திருப்தி இல்லை. அது தனிக் கதை.

எனக்குத் தோணுறது இதுதான். விசித்திரமான நடத்தைன்னு ஒண்ணு கிடையாது. வெளியே இருந்து பார்க்கிற நமக்குத்தான் அது விசித்திரம். செய்யறவனுக்கு அது அன்னிக்கு வேலை. நடிகன் விஷம் குடுக்கும்போது, விஷம் பயங்கரம்னு காட்டப் பார்க்கிறான். பாட்டி பொட்டலத்தைத் தேடினாங்க, அவ்வளவுதான். அவங்களை மாதிரி இருக்க யாராலும் முடியல, நிஜம்தான். ஆனா டால்ஸ்டாய் வசனத்தைப் பேச அந்த நிஜத்தாலயும் முடியல. ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற இடம்தான் நடிப்பு போல.

நான் அன்னிக்கு நடிச்சது குடிகாரனை இல்லை. குடிகாரனைப் பார்த்துச் சிரிக்கிறவனை.

உங்க ஊர் மேடையில இப்படிப் பார்த்து அசந்துபோன ஆள் யாராவது இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க மக்கா.