வெடிபொருள் தடயமும் வாயுநிலை அயனிகளும்

விமான நிலையத்தில் கைப்பையைத் துணித்துண்டால் துடைத்துக் கருவியில் செருகும் சோதனைக்கு அடிப்படை, பெரும்பாலும் அயனி நகர்வு நிறமாலையியல். சூட்டில் துண்டிலிருந்து எழும் ஆவி எதிர்மின் அயனிகளாகிறது. மின்புலமுள்ள குழாயை அவை கடக்கும் சில மில்லி வினாடிகளே பொருளைக் காட்டிக்கொடுக்கும்.

பல கருவிகளில் முதலில் உருவாக்கப்படுவது குளோரைடு அயனி. அது டி.என்.டி.யிடமிருந்து புரோட்டானைப் பறிக்கிறது. எஞ்சும் அயனி வெப்பத்தைத் தாங்கும். ஆர்.டி.எக்ஸோ குளோரைடோடு ஒட்டிக்கொள்கிறது. குழாய் அதிகம் சூடானால் அந்த ஒட்டு பிரிந்துவிடும். வெப்பநிலையைத் தேர்வதிலேயே பாதித் திறமை இருக்கிறது.

2015இல் கைப்பற்றப்பட்டு, சென்னையின் மணலி சரக்குப் பெட்டக நிலையத்தில் கிடந்து, பெய்ரூட் வெடிப்புக்குப் பின் 2020 ஆகஸ்டில் ஹைதராபாத்துக்கு அனுப்பப்பட்ட சுமார் 700 டன் அம்மோனியம் நைட்ரேட் வேறு ரகம். சூட்டில் அது அம்மோனியாவும் நைட்ரிக் அமிலமுமாகப் பிரியும். அந்த அமிலத்திலிருந்து குளோரைடு புரோட்டானை எடுத்துக்கொள்ள, மிக நிலையான நைட்ரேட் அயனி மிஞ்சும். சிக்கல் என்னவென்றால், உரம் அள்ளிய கையும் அதே அயனியைத் தரும்.

வடசென்னையின் கடற்காற்று இன்னொரு தொல்லை. நீர் மூலக்கூறுகள் அயனியில் ஒட்டி அதன் நகர்வை மந்தமாக்கும். அதனால் காற்றை உலர்த்தியே குழாய்க்குள் விடுகிறார்கள், உலர்த்தியையும் அவ்வப்போது மாற்றுகிறார்கள்.